பின்னணியில் யாரும் இருக்கக் கூடாது

நான் ஓய்வு பெற்ற பிறகும் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் தங்கள் கைப்பேசிக் குழுவிலிருந்து என்னை நீக்கவில்லை. நீக்கினால் மரியாதை இல்லை என்று நினைக்கிறார்களோ, நான் இருப்பதையே மறந்துவிட்டார்களோ, தெரியாது. போன வாரம் அந்தக் குழுவில் ஒரே ஒப்பாரி. இனி வீட்டிலிருந்து வேலை கிடையாது, எல்லோரும் அலுவலகத்துக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டதாம். புலம்பலுக்கு நடுவே ஒரு பெண் என்னைக் கேட்டாள்: "அக்கா, நீங்க ரெண்டையும் பாத்தவங்க. எது நல்லது? உண்மையச் சொல்லுங்க."

உண்மையை விரலால் தட்டி அனுப்ப முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விழுப்புரத்தில் நர்சிங் படித்தேன். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பிரசவ வார்டில் பல வருஷம் நின்றேன். நின்றேன் என்பதுதான் சரியான சொல். அங்கே உட்காரும் வழக்கம் இல்லை. இடுப்பு போனதும் உட்கார்ந்து பார்க்கிற வேலை தேடினேன். தொலைபேசியில் மருத்துவ ஆலோசனை சொல்லும் நிறுவனம் ஒன்று சென்னையில் இருந்தது. காப்பீடு எடுத்தவர்கள், குழுக்கடன் வாங்கியவர்கள் இப்படிப் பலருக்கு எங்கள் எண்ணை இலவசமாகக் கொடுத்திருப்பார்கள். காய்ச்சல், தலைவலி, மாத்திரைச் சந்தேகம் என்று கூப்பிடுவார்கள். நாங்கள் பதில் சொல்ல வேண்டும்.

என் கணவர் காசிநாதனுக்கு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் பாய்லர் வேலை. அவர் வரமுடியாது. நான் சென்னையில் விடுதியில் தங்கினேன். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி வீட்டுக்கு வருவேன், ஞாயிறு சாயங்காலம் திரும்புவேன். அதற்கு முன்பு கள்ளக்குறிச்சியில் இருந்தபோதும் எனக்கு இரவு வார்டு, அவருக்குப் பகல் ஷிப்ட். எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. உறவில் எல்லோரும் எங்களை உதாரணமாகக் காட்டுவார்கள். சண்டை போட நேரமே இருந்ததில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை.

அலுவலகத்தில் எங்கள் மேலாளர் சந்தானம் சார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். நாம் பேசி முடிக்கும்வரை காத்திருப்பார். பிறகு குனிந்து, "நாம் இன்று கொஞ்சம் வேகமாகப் பேசினோம், இல்லையா சிஸ்டர்?" என்பார். அந்த 'நாம்' என்பதில் அவர் சேர்த்தி இல்லை. "நாம் ஒரு சின்னத் தவறு செய்துவிட்டோம்" என்றால் சம்பளத்தில் வெட்டு. "நாம் சில நாள் ஓய்வெடுக்கலாம்" என்றால் வேலை போயிற்று என்று அர்த்தம்.

ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கைக்கண்ணாடி வைத்திருந்தார். சிரித்துக்கொண்டே பேசினால் அந்தச் சிரிப்பு மறுமுனையில் கேட்குமாம். வயிற்றுப்போக்கு என்று சொன்னவரிடமும் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் பேசினோம். தனலட்சுமி என்ற என் பெயர் நீளம் என்று தன்யா ஆக்கினார்கள். ஊர்ப் பேச்சு வரக் கூடாது. எங்கிருந்து பேசுகிறோம் என்று சொல்லக் கூடாது. நோய் இன்னது என்று சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னணியில் ஒரு சத்தமும் இருக்கக் கூடாது. எங்கள் தளத்தில் தும்மல் வந்தால் கழிப்பறைக்கு ஓடுவோம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சந்தானம் சாரைப்போல வேலைக்கு உழைத்த மனிதரை நான் பார்த்ததில்லை. காலையில் முதலில் வருவார், கடைசியில் போவார். விடுமுறை நாளிலும் வந்து உட்கார்ந்திருப்பார் என்று காவலாளி சொல்வார். நிறுவனத்தின்மேல் இப்படி ஒரு பக்தியா என்று வியப்போம்.

கொரோனா வந்தது. பெரிய பெட்டியில் கணினி, ஹெட்போன், அந்தக் கைக்கண்ணாடி எல்லாவற்றையும் கட்டிக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள்.

கள்ளக்குறிச்சி வீட்டில் மணிலாக்கடலை மூட்டை போடும் அறையைக் காலி செய்து மேஜை போட்டுக் கொடுத்தார் காசிநாதன். அதற்குள் அவரும் ஆலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். முதல் நாள் நான் கதவைச் சாத்திக்கொண்டு, "வணக்கம், நான் தன்யா பேசுகிறேன்" என்றதும் வெளியிலிருந்து அவர் குரல் கேட்டது:

"வூட்டுக்குள்ள யாரு அது தன்யா?"

அந்த அழைப்பைக் கேட்ட சந்தானம் சார் அன்று மாலை, "நாம் வீட்டில் உள்ளவர்களுக்கு நம்மை அறிமுகப்படுத்திக்கொள்வது நல்லது" என்றார்.

அறிமுகம் உண்மையிலேயே தேவைப்பட்டது. கல்யாணமாகி அத்தனை வருஷம் கழித்து அப்போதுதான் நாங்கள் சேர்ந்து குடித்தனம் செய்ய ஆரம்பித்தோம். அவர் குழம்பில் புளி ஜாஸ்தி போடுவார் என்று எனக்குத் தெரியாது. நான் சாப்பிடும்போது பேசமாட்டேன் என்று அவருக்குத் தெரியாது. அது அவர் வீடு; துடைப்பத்துக்குக்கூட அவர் வைத்த இடம் ஒன்று இருந்தது. நான் மாற்றி வைத்தால் ஒன்றும் சொல்லாமல் எடுத்துப் பழைய இடத்திலேயே வைப்பார். சென்னையில் ஒரு சந்தானம் சார் போதாதென்று இங்கே ஒருவர்.

தெருவுக்கு நான் வேலையில் இருக்கிறேன் என்பதே புரியவில்லை. எதிர்வீட்டுக் குப்பு ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, "யக்கா, கொஞ்சம் பிரஷர் பாரு" என்பாள். நான் ஹெட்போனைக் காட்டினால், "வூட்ல சும்மாதானே குந்திக்கினு இருக்க?" என்பாள். முகம் தெரியாத திருநெல்வேலிக்காரரிடம் சிரித்துக்கொண்டே அரைமணி பேச எனக்குச் சம்பளம் உண்டு. ஜன்னலுக்கு வெளியே நிற்கிற குப்புவைக் கையசைத்து விரட்டவும் அதே சம்பளத்துக்குள்தான்.

நாங்கள் இருக்கையில் இருக்கிறோமா என்று பார்க்க, கணினி தானாகவே அவ்வப்போது படம் எடுக்கும். ஒருநாள் சந்தானம் சார் தன் வீட்டிலிருந்து வீடியோவில் அழைத்தார். "நேற்று நமக்குப் பின்னால் ஒருவர் பனியனோடு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்ததைப் பார்த்தோம், சிஸ்டர்."

"என் வீட்டுக்காரர், சார்."

"நல்லது. நாம் அவரை வேறு இடத்தில் உருவச் சொல்லலாம்."

அவர் சொல்லி முடிக்கும்போது அவர் பக்கத்திலிருந்து ஒரு வயதான குரல் பெரிதாகக் கேட்டது: "சந்தானம்! பஸ்ஸு வந்துடுச்சாடா?" உடனே அவர் ஒலியை நிறுத்திவிட்டார். திரையில் அவர் உதடு மட்டும் அசைந்தது. பிறகு திரும்பி, ஒன்றும் நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து பேசினார். அடுத்தடுத்த கூட்டங்களிலும் அந்தக் குரல் வந்தது. எப்போதும் பஸ்ஸைத்தான் கேட்டது. அவருடைய அப்பா. ஞாபகம் போய்விட்டவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன், விளக்கம் தேவைப்படவில்லை. விடுமுறை நாளிலும் ஒரு மனிதர் அலுவலகத்தில் போய் ஏன் உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்த ஐப்பசி மழையில்தான் நான் சொல்ல வந்த அழைப்பு வந்தது.

காலை நேரம். வழக்கப்படி வணக்கம் சொல்லி தன்யா என்றேன். மறுமுனையில் ஓர் ஆண் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான்.

"யம்மா, எம் பொண்டாட்டிக்கு வலி எடுத்துக்கிச்சும்மா. நாளு இன்னும் இருக்குதுன்னுதான் டாக்டரம்மா சொன்னாங்கோ. ஆம்புலன்சுக்குப் போட்டாச்சு, வந்துக்கினு இருக்குதாம். அதுவரைக்கும் இன்னா பண்றதுன்னே தெரியல."

பெயர் வேலு. மனைவி அஞ்சலை. சங்கராபுரம் பக்கத்திலிருந்து மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும் கூலி வேலைக்குக் கல்வராயன் மலைக்குப் போய், கரியாலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகையில் தங்கியிருக்கிறார்கள். கூட வந்தவர்கள் எல்லாம் காட்டுக்குப் போய்விட்டார்கள். கொட்டகையில் இவர்கள் இரண்டு பேர்தான்.

என் திரையில் நடைமுறை தெளிவாக எழுதியிருந்தது: ஆம்புலன்ஸ் அழைக்கப்பட்டதை உறுதி செய்துகொண்டு, நன்றி கூறி அழைப்பை முடிக்கவும்.

நான் முடித்திருப்பேன். சென்னையில் உட்கார்ந்திருந்தால் நிச்சயம் முடித்திருப்பேன். ஆனால் அன்று காலை டீக்கடையிலிருந்து வந்த காசிநாதன் ஒரு செய்தி சொல்லியிருந்தார்: கோமுகி அணையைத் தாண்டி மலைமேல் ஏறும் பாதையில் ஒரு பெரிய மரம் குறுக்கே சாய்ந்துவிட்டது, பஸ்ஸெல்லாம் கச்சிராயபாளையத்தோடு திரும்புகிறது. ஆம்புலன்ஸ் வந்துகொண்டுதான் இருக்கும். மரம்வரைக்கும் வரும்.

கதவைத் திறந்தேன். அவர் வாசலில் இருந்தார்.

"என்னங்க, அந்த மரத்த எடுத்துட்டாங்களா?"

"எங்க எடுத்தாங்க? மழ வுட்டாத்தான் மிஷினே வருமாம்."

"மலைக்கு மேல வண்டியோட யாரு இருக்காங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நம்ம ஏழுமல இருக்கான் வெள்ளிமலைல. குட்டியானை வெச்சிருக்கான்."

ஏழுமலை ஆலையில் அவரோடு வேலை பார்த்தவர். இப்போது மலையில் கிழங்கு மூட்டை ஏற்றும் சின்ன வண்டி ஓட்டுகிறார். காசிநாதன் தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள்ளேயே வந்துவிட்டார். என் காதில் வேலு, பக்கத்தில் இவர். "ஏழுமல, கெளம்பு. அட, மூட்டைய எறக்கிப் போட்டுட்டு வாய்யா! கரியாலூர் தாண்டி இடது கையில ஒரு கொட்டா…" வேலு சொல்லும் அடையாளத்தை நான் வாங்கி இவரிடம் கொடுக்க, இவர் ஏழுமலைக்குக் கொடுத்தார். புளியமரம், தண்ணித்தொட்டி, நீலத் தார்ப்பாய். வெளியே சேவல் வேறு விடாமல் கூவியது.

"வேலு, கேளு. நானு கள்ளக்குறிச்சிலதான் இருக்கேன். பாதையில மரம் வுழுந்து கெடக்குது. ஆம்புலன்ஸ் அந்தாண்டதான் நிக்கும். உங்களக் கூட்டிம்போக ஒரு வண்டி வருது. அதுவரைக்கும் நான் சொல்றத மட்டும் செய். பயப்படாத."

"யம்மா, தல தெரியுதும்மா!"

"இழுக்காத. கைய சோப்புப் போட்டுக் கழுவு. கழுவுனியா? ரெண்டு கையும் ஏந்திக்கினு இரு. அதுவா வரும். அஞ்சலை, கேக்குதா கண்ணு? வலி வரும்போது மட்டும் முக்கு."

அவள் அலறியது கேட்டது. பிறகு வேலு, "வந்துடுச்சு, பையன்" என்றான். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. குழந்தை அழவில்லை.

"துணிய எடு. நல்லாத் தொட. முதுகத் தேச்சி வுடு, அழுத்தித் தேய். இன்னும்."

என் பக்கத்தில் காசிநாதன் பேச்சை நிறுத்திவிட்டார். என் காதில் மழைச் சத்தம் மட்டும். பிரசவ வார்டில் என் கை செய்த வேலையை என் வாயால் செய்ய வேண்டியிருந்தது. கையை என்ன செய்வதென்று தெரியாமல் மேஜைத் துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு சின்ன இருமல். அப்புறம் அழுகை.

"கொடிய அறுக்காத. அப்படியே அம்மா மார்மேல போட்டுப் போத்து."

அதோடு முடியவில்லை. நஞ்சுக்கொடி விழுந்த பிறகு, "ரத்தம் நிக்கலம்மா" என்றான். தொப்புளுக்குக் கீழே கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். "கெட்டியா இருக்குதா, மெத்துனு இருக்குதா?"

"மெத்துனு கீதும்மா."

"அமுக்கித் தேய். அவ கத்துனாலும் வுடாத. புள்ளய மார்ல வெச்சு சப்ப வுடு. தேச்சிக்கினே இரு."

தேய்த்தான். அவள் கத்தினாள். நானும் இந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தேன் என்று பிறகு பதிவைக் கேட்டபோது தெரிந்தது. ரொம்ப நேரம் கழித்து, "கல்லாட்டம் ஆய்டுச்சும்மா, கொறையுது" என்றான். அப்போதே வண்டியின் ஹாரன் சத்தமும் கேட்டது. யாரோ ஏறச் சொல்லி அதட்டினார்கள். பாதை இறங்கியதும் சிக்னல் போய்விட்டது.

ஏழுமலையின் எண்ணும் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் அடுத்த அழைப்பு தானாக வந்து காதில் விழுந்தது. சளி பிடித்திருக்கும்போது காபி குடிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கண்ணாடியைப் பார்த்தேன். குடிக்கலாம் என்று சிரித்தேன்.

மத்தியானத்துக்கு மேல் ஏழுமலை பேசினார். மரம் கிடந்த இடத்தில் ஆம்புலன்ஸ்காரர்கள் இந்தப் பக்கம் வந்து, மழையிலேயே ஸ்ட்ரெச்சரில் வைத்து மரத்துக்கு மேலாகத் தூக்கிக் கடத்தினார்களாம். தாயும் பிள்ளையும் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் நலம். காசிநாதன் கதவருகே நின்று இதைச் சொன்னதும் நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். சரியாக அந்த நேரம் பார்த்துக் கணினி படம் எடுத்தது. வேலை நேரத்தில் தூக்கம் என்று பதிவாயிற்று.

விசாரணை திரையிலேயே நடந்தது. சந்தானம் சாரோடு தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து ஓர் இளம்பெண். அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். அழைப்பை முடிக்கவில்லை. இருப்பிடத்தை வெளியிட்டார். வாடிக்கையாளரை ஒருமையில் அழைத்தார். பணியறையில் வெளியாள். பறவைச் சத்தம். முடிவில் 'வேறு ஏதாவது உதவி வேண்டுமா' என்று கேட்கவில்லை.

"கேட்பதற்கு லைன் இல்லையே" என்றேன்.

அவள் குறித்துக்கொண்டாள். அப்போது அந்தக் குரல் வந்தது. "சந்தானம், பஸ்ஸு போய்டும்டா!" இந்த முறை அவர் ஒலியை நிறுத்தவில்லை. எழுந்து போனார். காலி நாற்காலிக்குப் பின்னாலிருந்து கேட்டது: "இன்னும் வரலப்பா. வந்ததும் கூப்புடுறேன். செருப்பு போட்டாச்சா? சரி, உக்காருங்க." திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"மதிப்பெண் விதிப்படியே போடுங்க," என்றார் அந்தப் பெண்ணிடம். "நடவடிக்கை வேண்டாம். நான் பொறுப்பு."

அவர் வாயிலிருந்து 'நான்' என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். நான் அந்த மாதம் தேர்ச்சி பெறவில்லை.

ஓய்வு பெறும் நாளில் கணினியை ஒப்படைக்கச் சென்னைக்குப் போனேன். தளம் முழுக்க நாற்காலிகள் காலி. நடுவில் சந்தானம் சார் மட்டும். அப்பாவுக்கு ஓர் ஆளைப் போட்டுவிட்டுத் தினமும் வருகிறாராம். யாருமே இல்லாத தளத்தில் ரப்பர் செருப்போடுதான் நடந்தார். "இங்க அமைதியா இருக்கு, சிஸ்டர்" என்றார். அமைதி வேண்டும் என்று எங்களைப் பாடாய்ப்படுத்திய மனிதர் அதை ஒருநாளாவது அனுபவிக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அன்று பயிற்சி. என்னையும் உட்கார வைத்தார்கள். இடையில், நிறுவனத்தின் பெருமைக்குரிய அழைப்பு என்று சொல்லி ஒரு பதிவைப் போட்டார்கள். கேட்டால், வேலு பேசுகிறான்! தேர்ச்சி பெறாத என் அழைப்புத்தான். ஆனால் நன்றாகச் சுத்தம் செய்திருந்தார்கள். சேவல் இல்லை, மழை இல்லை, நான் கத்தியது இல்லை, கள்ளக்குறிச்சி இல்லை. காசிநாதன் சுத்தமாக இல்லை. நிதானமான ஒரு பெண் இரண்டு மூன்று வாக்கியம் சொல்கிறாள், குழந்தை அழுகிறது, வண்டி ஹாரன் கேட்கிறது.

ஒரு பெண் கையைத் தூக்கினாள். "மேடம், அந்த வண்டிய யார் கூப்பிட்டது? பதிவுல யாருமே கூப்பிடலையே?"

பயிற்சி கொடுத்தவர், "அது இந்தப் பாடத்துக்குள் வராது" என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் காசிநாதன் சிரித்தார். "அப்ப நானு அன்னிக்கு வூட்லயே இல்லன்ற?" என்றார். ஆனால் அடுத்த நாள் முழுக்க அதிகம் பேசவில்லை. துடைப்பத்தை நான் வைத்த இடத்திலேயே விட்டிருந்தார். அது கோபமா, சமாதானமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அலுவலகத்து விதிப்படி, பேசியவர்களை நாங்கள் தேடிப் போகக் கூடாது. ஓய்வு பெற்ற பிறகு எந்த விதி? மறுபடி கிழங்கு பிடுங்கும் பருவம் வந்ததும் இருவரும் பஸ் ஏறினோம். வெள்ளிமலையில் ஏழுமலை தன் வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு கரியாலூர் தாண்டிப் போனார். அந்த வருஷமும் வேலுவும் அஞ்சலையும் அதே கொட்டகைக்குத்தான் வந்திருந்தார்கள்.

வண்டியைப் பார்த்ததும் அஞ்சலை கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "அண்ணே! வாங்கண்ணே!" என்று ஏழுமலையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிறகு எங்களைப் பார்த்து, "இவங்க யாருண்ணே? ஒறமொறையா?" என்று கேட்டாள்.

"அன்னிக்கு போன்ல பேசுனாங்களே, அந்த நர்சம்மா. இவரு அவங்க வூட்டுக்காரரு. இவருதான் எனக்குப் போன் போட்டாரு."

"அப்படிங்களா?" என்றாள் மரியாதையாக. "அன்னிக்கு யாரோ பேசுனாங்கதான். எனக்கு ஒண்ணுமே நெனப்பில்ல. எங்க வூட்டுக்காரருதான் போன வெச்சிக்கினு கத்திக்கினு இருந்தாரு." எங்களுக்குக் கட்டில் போட்டுக் கிழங்கு வேகவைத்துக் கொடுத்தாள். நல்ல உபசாரம்தான். ஏழுமலையின் தட்டில் மட்டும் வெல்லம் இருந்தது.

பையன் கொட்டகை ஓரத்தில் கிழங்குத் தண்டை இழுத்துக்கொண்டிருந்தான். அவன் தலையைத் தடவப் போனேன். யாரோ என்று நகர்ந்துகொண்டான்.

"பேரு இன்னா வெச்சிருக்கீங்க?" என்று காசிநாதன் கேட்டார்.

அஞ்சலை பதில் சொல்லாமல், "டேய், ஏழுமல! இங்க வாடா!" என்று கூப்பிட்டாள்.

கிழங்கு தின்றுகொண்டிருந்தவரும் தண்டை இழுத்துக்கொண்டிருந்தவனும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள்.